காந்த பாக்டீரியா புற்றுநோயைத் தீர்க்குமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில மாதங்களாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று நிமிட வீடியோ ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. வயிற்றுக்குள் கறுப்பு மணிகளைக் கோத்து வைத்த பாக்டீரியா ஒன்று ரத்தக் குழாய்க்குள் நீந்திப் போகிறது. வெளியே ஒரு கை காந்தத்தை நகர்த்துகிறது. கட்டியைத் தொட்டதும் கட்டி உப்புக்கல் போலக் கரைகிறது. பின்னணியில் வயலின் வேறு. "கீமோ இனி வேண்டாம்" என்று தலைப்பு.

நான் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். அதனால் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், யாராவது போனை நீட்டி "டீச்சரே, இது உள்ளதுதானா?" என்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிகிற விஷயமில்லை. கேட்ட கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த வீடியோ உண்மையா?

பாதி. அப்படி ஒரு பாக்டீரியா உண்டு, அதற்குள் காந்த மணிகளும் உண்டு. மருந்தைச் சுமந்துகொண்டு எலியின் கட்டிக்குள் அது போனதும் உண்மை. ரத்தக் குழாய் வழியே ஊர்வலம் போவதும் கட்டி கண்ணெதிரே கரைவதும் கணினியில் வரைந்த படம். கீமோ வேண்டாம் என்பது பச்சைப் பொய்.

அதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நாலாவது கீமோவுக்குப் போக வேண்டிய என் சித்தப்பா, "புது மருந்து வருதாம், கொஞ்சம் பொறுப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார். அவரைக் காலை ரயிலில் ஏற்றிவிட ஒரு வாரம் ஆயிற்று. நீங்களோ உங்கள் வீட்டில் யாராவதோ சிகிச்சையில் இருந்தால், கீழே இருப்பதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, தேதி தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, காந்த பாக்டீரியா என்றால் என்ன?

குளம், காயல், கடலோரச் சேறு போன்ற இடங்களில் வாழும் ஒரு வகை பாக்டீரியா. நீளம் 1 முதல் 3 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனில் சில பத்துப் பேரை வரிசையாக நிறுத்தலாம். இதன் உடம்புக்குள் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிகங்கள் மணிமாலை போல வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மணியும் 35 முதல் 120 நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்). அதைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு. சவ்வோடு சேர்ந்த மணிக்கு மேக்னட்டோசோம் என்று பெயர். மாலை மொத்தமும் ஒரு திசைகாட்டி முள்ளைப் போல வேலை செய்யும். பாக்டீரியா செத்துப்போன பிறகும் அதன் உடம்பு பூமியின் காந்தப் புலத்தோடு சேர்ந்துதான் திரும்பிக் கிடக்கும்.

இது எதற்கு அதற்கு? இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் அதிகமானாலும் ஆகாது, சுத்தமாக இல்லாவிட்டாலும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில், சேறும் தண்ணீரும் சேரும் இடத்தில், ஆக்சிஜன் மிகக் குறைந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். அங்கே போய்ச் சேர வேண்டும். இருட்டுக் கிணற்றில் இறங்குகிறவனுக்குக் கயிறு எப்படியோ, அப்படித்தான் இதற்குக் காந்தப் புலம். எட்டுத் திசையிலும் தேடி அலையாமல் கயிற்றைப் பிடித்து ஏறினால் அல்லது இறங்கினால் போதும். எங்கே நிற்பது என்பதை ஆக்சிஜன் சொல்லும்.

இந்தக் கயிறும் ஆக்சிஜனும் நினைவில் இருக்கட்டும். மருந்துக் கதை முழுவதும் இதை வைத்துத்தான்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

1963இல் இத்தாலியின் பாவியா நகரத்தில் சால்வடோரே பெல்லினி என்பவர், சேற்றுநிலத் தண்ணீரில் சில பாக்டீரியா எப்போதும் வடக்கே நீந்துவதைக் கவனித்து எழுதி வைத்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1975இல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் ரிச்சர்ட் பிளேக்மோர் தனியாக இதையே கண்டு சயன்ஸ் இதழில் வெளியிட்டார். ஜன்னல் வெளிச்சத்தை நாடித்தான் இவை ஒரு பக்கமாக ஓடுகின்றன என்று முதலில் நினைத்தாராம். நுண்ணோக்கியை மூடிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஓட்டம் மாறவில்லை. பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்ததும் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

நம் ஊர்ச் சேற்றில் இது இருக்குமா?

இதை யாரும் கேட்பதில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கு இதில்தான் ருசி.

பூமியின் காந்தப் புலம் வடக்கு நாடுகளில் சாய்வாகத் தரைக்குள் இறங்கும். தெற்கு நாடுகளில் தரையிலிருந்து மேலே எழும். நடுவில் ஒரு கோட்டில் மட்டும் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். அதுதான் காந்த நடுக்கோடு. அது நம் தலைக்கு மேலே என்று சொல்லும் அளவுக்குப் பக்கத்தில் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் வைத்ததற்கும், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதற்கும் காரணம் இதுதான். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது 1963 நவம்பர் 21. பெல்லினி பாவியாவில் எழுதிய அதே வருஷம்! அதற்கும் நூறு வருஷம் முன்பே, நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அகத்தியமலை உச்சியில் காந்த அளவீட்டுக் கொட்டகை போட்டு 1850களில் கணக்கெடுத்தார்.

இப்போது யோசியுங்கள். கிணற்றுக் கயிறு படுக்கையாகக் கிடந்தால் பாக்டீரியா எங்கே போகும்? வடக்கு நாடுகளில் வடக்கு நோக்கி நீந்துகிறவை சேற்றுக்கு இறங்கிப் பிழைக்கும், மற்றவை மேலே போய் மாளும். தெற்கே நேர்மாறு. 1981இல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில், அதுவும் காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்தான், சேற்றை எடுத்துப் பார்த்தபோது வடக்கு நோக்கிகளும் தெற்கு நோக்கிகளும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. இரண்டுக்கும் நஷ்டமில்லை, லாபமும் பெரிதாக இல்லை. மேலே தெரியாமல் ஏறிவிடாமல் இருப்பதே லாபம்.

எங்கள் மாணவிகள் மணக்குடிக் காயலில், பழையாறு கடலோடு சேரும் பொழிக்கு உள்ளே, அலையாத்தி மரத்தடியில் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேறு எடுத்து வந்தார்கள். அலமாரியில் வைத்து மறந்துவிட்டோம். ஐந்தாம் வாரம் மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். முதல் இரண்டு பாட்டிலிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைச் சேற்று மட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து அந்த இடத்துத் துளியை எடுத்தோம். துளியின் ஓரத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகள் வந்து குவிந்தன. காந்தத்தைத் திருப்பினால் அதில் பாதி எதிர்ப்பக்கம் ஓடியது, பாதி வந்து சேர்ந்தது. ஒரு பிள்ளை "மிஸ், டிராஃபிக் போலீஸ்!" என்று கத்தினாள்.

கீமோ இருக்கும்போது இது எதற்கு?

கீமோ மருந்து கட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. டாக்ஸோரூபிசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் சிவப்பு மருந்து என்பார்கள். செம்பருத்திச் சாறு மாதிரி இருக்கும். நர்ஸ் ஊசியை மெதுவாக, நரம்பைவிட்டு வெளியே கசியவில்லையே என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவார். அன்று சிறுநீரே சிவந்து போகும். நோயாளிகள் பயந்து போன் செய்வது இதற்குத்தான். முடி கொட்டும், வாய் புண்ணாகும். இதயத் தசையையும் கெடுக்கும் என்பதால், ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று உச்ச அளவே வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடம் கட்டிக்குள்ளேயே இருக்கிறது. கட்டி வேகமாக வளரும், ரத்தக் குழாய்கள் அந்த வேகத்துக்கு வளராது. குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரான் தள்ளி இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் சரியாகப் போவதில்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கதிர்வீச்சு சிகிச்சைக்கும் ஆக்சிஜன் துணை வேண்டும், அதனால் அதற்கும் அந்த இடம் மசியாது. சிகிச்சை முடிந்த பிறகு கட்டி திரும்பி வரும்போது பல சமயம் அந்த மூலையிலிருந்துதான் வருகிறது.

அப்படியானால் மருந்தை நானோ துகளில் அடைத்து அனுப்பலாமே என்று தோன்றும். அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். பத்து ஆண்டு ஆய்வுகளை அலசி 2016இல் டொரோண்டோ குழு ஒன்று கணக்குப் போட்டது. ஊசி வழியே ஏற்றிய நானோ துகளில் கட்டியை எட்டியது, நடுமதிப்பாக, 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

பாக்டீரியா என்ன செய்துவிடும்?

ஆக்சிஜன் குறைந்த இடத்தைத் தேடிப் போவதே அதன் பிழைப்பு. கட்டியின் நடுவில் இருப்பதும் அதே ஆக்சிஜன் குறைந்த இடம். மணக்குடிச் சேற்றின் அந்த மெல்லிய அடுக்கும் கட்டியின் நடுப்பகுதியும் பாக்டீரியாவின் கணக்கில் ஒன்றுதான்.

மாண்ட்ரியாலில் சில்வன் மார்டெல் என்பவரின் குழு 2016இல் செய்ததைப் பாருங்கள். எம்.சி.-1 என்ற பாக்டீரியா, அமெரிக்காவின் ரோட் ஐலண்டு கழிமுகம் ஒன்றிலிருந்து எடுத்தது. உருண்டை, 2 மைக்ரானுக்குள் அடங்கும். 0.5 சதவீத ஆக்சிஜன் இதற்குப் பிடித்த அளவு. இதன் மேல்பரப்பில் ஏறக்குறைய 70 லிப்போசோம்களை, அதாவது மருந்து நிரப்பிய கொழுப்புக் குமிழிகளை, ஒட்டினார்கள். மருந்தின் பெயர் எஸ்.என்.-38. தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால்தான் குமிழி. மனிதப் பெருங்குடல் புற்றுச் செல்களை வளர்த்த எலிகளில், கட்டிக்குப் பக்கத்தில் ஊசி போட்டு, காந்தப் புலத்தால் கட்டியை நோக்கித் திருப்பிவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் ஆக்சிஜன் தேடல் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 55 சதவீதம் வரை ஆக்சிஜன் குறைந்த பகுதிக்குள் போய்ச் சேர்ந்தன.

55 எங்கே, 0.7 எங்கே என்று துள்ள வேண்டாம். இது கட்டியின் வாசலில் இறக்கிவிட்டது. அது கை நரம்பில் ஏற்றி ஊர் சுற்றி வந்தது. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வருகிறவரையும் டெல்லியிலிருந்து வருகிறவரையும் ஒரே கடிகாரத்தில் அளக்க முடியாது. தவிர, அந்த எலிகள் நோயெதிர்ப்புச் சக்தி இல்லாமல் வளர்த்த எலிகள். ஆனாலும் அந்த மூலைக்கு மருந்தைக் கொண்டு சேர்க்க முடியும் என்று காட்டியது பெரிய விஷயம்தான்.

காந்தத்தை வைத்து இழுத்துக்கொண்டு போவார்களா?

வீடியோ பார்த்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உயிருள்ள பாக்டீரியாவைக் காந்தம் இழுப்பதில்லை, திசை திருப்புகிறது, அவ்வளவுதான். நீந்துவது அதன் சொந்த முயற்சி, வாலைச் சுழற்றிக்கொண்டு. மாட்டுவண்டியில் மூக்கணாங்கயிறு வேலை காந்தத்துக்கு, இழுப்பது மாடு. அதனால் பூமியின் புலத்தைவிடக் கொஞ்சம் வலுவான புலமே போதும்.

காந்தப் புலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோடெஸ்லா. நம் ஊரில் பூமியின் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. எம்.ஆர்.ஐ. எந்திரம் 1.5 டெஸ்லா, அதாவது 37,000 மடங்குக்கு மேல். பாக்டீரியாவைத் திருப்ப அந்தப் பெரிய எந்திரம் தேவையில்லை, மூன்று திசையிலும் மின்கம்பிச் சுருள் வைத்தால் நடக்கும்.

செத்த துகளை, அதாவது மேக்னட்டோசோமை மட்டும் தனியாக எடுத்து மருந்தேற்றி அனுப்பினால் கதை வேறு. அதற்கு நீந்தத் தெரியாது, காந்தம் நிஜமாகவே இழுத்தாக வேண்டும். காந்தத்தின் இழுவிசை தூரம் கூடக் கூடச் சரசரவென்று குறையும். தோலுக்கு அடியில் இருக்கும் கட்டியென்றால் சரி, ஈரலுக்குள் ஆழத்தில் என்றால் திண்டாட்டம். 1996இல் ஜெர்மனியில் 14 நோயாளிகளுக்குச் செயற்கையான இரும்புத் துகளில் எபிரூபிசின் என்ற மருந்தை ஏற்றி, வெளியே காந்தம் வைத்துப் பார்த்தார்கள். மனிதர்களில் செய்த முதல் முயற்சி அது. இத்தனை வருஷம் கழித்தும் அது ஆஸ்பத்திரி வழக்கமாகவில்லை என்பதிலிருந்தே சிக்கல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

2022இல் சூரிச்சில் ஒரு குழு வேறு வழி பிடித்தது. சுழலும் காந்தப் புலத்தில் பாக்டீரியாவை உருட்டிவிட்டால், ரத்தக் குழாய்ச் சுவரோரமாக உருண்டு, செல்களின் இடுக்கைத் தேடி நுழைகிறது. எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. ஆழத்தில் இருக்கும் கட்டிக்கும் இதில் வாய்ப்பு உண்டு.

அந்த மணிகளைத் தனியாக எடுப்பது எப்படி?

பாக்டீரியாவை இரும்புச் சத்து கலந்த ஊட்டத்தில், ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி, சில நாள் வளர்ப்பார்கள். ஆக்சிஜன் கொஞ்சம் கூடினால் பாக்டீரியா நன்றாகப் பெருகும், மணிதான் வராது. அப்புறம் செல்லை உடைத்து, குழாயின் பக்கத்தில் காந்தம் வைத்தால், கரும்பழுப்பு வண்டல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கழுவி, மறுபடி காந்தம், மறுபடி கழுவல். கிடைப்பது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்தான். கஷ்டப்பட்டு மட்டி வாழைக்குலை வளர்த்து ஒரு சீப்பு வெட்டின கதை.

ஆனால் சரக்கு முதல்தரம். ஆய்வகத்தில் வேதியியல் முறையில் இரும்புத் துகள் செய்தால் பெரிசும் சிறிசுமாக வரும். பாக்டீரியா செய்த மணிகள் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. மேலே சவ்வு இருப்பதால் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகாது, அந்தச் சவ்வின் புரதங்களில் மருந்தை ஒட்டவும் கொக்கி கிடைக்கிறது. 2014இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் இந்த மணி செய்யும் மரபணுக்களை எடுத்து, காந்தமே தெரியாத வேறொரு பாக்டீரியாவில் வைத்தார்கள். அதுவும் மணி செய்தது. எளிதில் வளரும் பாக்டீரியாவில் இது கைகூடினால் விளைச்சல் பிரச்சினை தீரும்.

மணியில் மருந்து ஏற்றிச் சோதித்தார்களா?

சீனாவில் 2007 வாக்கில் டாக்ஸோரூபிசினை மேக்னட்டோசோமில் ஒட்டி, கல்லீரல் கட்டி உள்ள எலிகளுக்குக் கொடுத்தார்கள். தனி மருந்து கட்டியை 79 சதவீதம் அளவுக்கு அடக்கியது, மணியில் ஏறிய மருந்து 87 சதவீதம். இதில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் தனி மருந்து பெற்ற எலிகளில் 80 சதவீதம் செத்தன, மணியில் ஏறியதைப் பெற்றவற்றில் 20 சதவீதம். என் கண்ணுக்கு இரண்டாவது கணக்குதான் முக்கியம். கட்டியை அடிப்பதில் கொஞ்சம் கூடுதல், ஆளை அடிப்பதில் நிறையக் குறைச்சல்.

இன்னொரு வேடிக்கை: டாக்ஸோரூபிசினே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா இனத்திலிருந்து இத்தாலியில் கிடைத்ததுதான். ஒரு பாக்டீரியாவின் விஷத்தை இன்னொன்றின் மணியில் ஏற்றி அனுப்புகிறோம்.

சூடு வைத்துக் கட்டியைக் கொல்வார்கள் என்று சொல்கிறார்களே?

அதுவும் உண்மை, மருந்தே இல்லாமல். துகளைக் கட்டிக்குள் ஊசியால் இறக்கிவிட்டு, வினாடிக்கு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறும் காந்தப் புலத்தைக் காட்டினால் துகள் சூடாகும். 42 முதல் 45 டிகிரி செல்சியஸ் வந்தால் புற்றுச் செல் தாங்காது. பாரிஸில் எட்வார்ட் அல்ஃபாந்தேரியின் குழு 2011இல் மேக்னட்டோசோம் மாலைகளை இப்படி எலிகளின் மார்பகப் புற்றுக் கட்டியில் சோதித்தது. மாலையாக இருந்தவை உதிரி மணிகளைவிட நன்றாக வேலை செய்தன. சில எலிகளில் கட்டி முழுதாக மறைந்தது.

செயற்கைத் துகளைக் கொண்டு இதே முறையை மூளைக் கட்டிக்கு ஐரோப்பா 2010இலேயே அனுமதித்தது. அதில் ஒரு தொல்லை, பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பல்லும் சேர்ந்து சூடாகும்.

பாக்டீரியாவை உடம்பில் விட்டால் காய்ச்சல் வராதா?

வரும், கவனமில்லாவிட்டால். இவற்றின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது. ரத்தத்தில் அது கலந்தால் குளிர்காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுதல், உயிருக்கே ஆபத்து. பிரஷர் குக்கரில் வைத்து எடுத்தாலும் அது அழியாது, தனியாகக் கழுவி நீக்க வேண்டும். மணிகளை மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இதற்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். எம்.சி.-1ஐப் பொறுத்தவரை ஒரு நல்லது, நம் உடம்புச் சூட்டில் அது நீந்துவது அரை மணி, முக்கால் மணி நேரம்தான். பெருகிக்கொண்டே போகும் கிருமி இல்லை.

புற்றுநோய்க்குப் பாக்டீரியாவா என்று முகம் சுளிக்கிறவர்கள் இடது தோளைப் பாருங்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தழும்பு இருக்கும். அதே பி.சி.ஜி., உயிருள்ள பாக்டீரியா, சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் பல பத்தாண்டுகளாக மருந்து. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற சர்ஜன் 1891லேயே நோயாளிகளின் கட்டியில் பாக்டீரியாவை ஏற்றிப் பார்த்தவர்.

இரும்பு உடம்பிலேயே தங்கிவிடாதா?

கல்லீரல் மெதுவாகக் கரைத்து, உடம்பின் இரும்புச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளும். ரத்தசோகைக்கு ஊசியாகப் போடும் ஃபெருமாக்சிடால் என்ற மருந்தே இரும்பு ஆக்சைடு நானோ துகள்தான். 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மணவாளக்குறிச்சிக் கருமணலும் காந்தத்தில் ஒட்டுகிறதே, அதைப் பொடித்தால் போதாதா?

குளச்சலிலிருந்து ஒருவர் இதைக் கேட்டார். சிரித்துவிட்டேன், பிறகு நல்ல கேள்வி என்று தோன்றியது. நம் கடற்கரைக் கருமணலில் பெரும்பகுதி இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த தாது. மணல் ஆலையில் காந்தத்தைக் கொண்டுதான் அதைப் பிரிக்கிறார்கள். ஆனால் அது மேக்னடைட் இல்லை, காந்தத்தன்மை மிகக் குறைவு. எவ்வளவு பொடித்தாலும் 50 நானோமீட்டர் அளவில் ஒரே சீராக வராது. கூடவே மோனசைட், அதற்குள் கதிரியக்கமுள்ள தோரியம். யாரும் அதை நரம்பில் ஏற்ற மாட்டார்கள்.

இந்தக் கேள்விக்குப் பின்னாலேயே "மணலால்தான் நம் பக்கம் புற்றுநோயா?" என்ற கேள்வியும் வரும். இதே போன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை.

வாய்ப் புற்றுக்கு இது உதவுமா?

வருங்காலத்தில் உதவலாம். வாய்க் கட்டி மேலாகவே இருப்பதால் காந்தத்துக்கு எட்டும், ஊசி நேராகவே போடலாம். ஆனால் நம் பக்கத்தில் வாய்ப் புற்றுக்குக் காரணம் என்ன என்று 1933லேயே எழுதிவிட்டார்கள். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஓர் (Orr) என்ற பெயருடைய மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார். புகையிலை போடுகிறவர் என்னிடம் நானோ துகளைப் பற்றிக் கேட்டால், முதலில் மடியில் இருக்கும் பொட்டலத்தைக் காட்டச் சொல்வேன்.

இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும்? எவ்வளவு ஆகும்?

எங்கும் கிடைக்காது. காந்த பாக்டீரியாவையோ அதன் மணிகளையோ கொண்டு நோயாளிகளுக்குச் செய்ய அனுமதி பெற்ற சிகிச்சை எதுவும் இல்லை. யாராவது விலை சொன்னால், அவர் விற்பது வேறு எதையோ.

காந்த மெத்தை, காந்தத் தண்ணீர் எல்லாம் இதுதானே?

இல்லை. போன வருஷம் கீமோவில் இருந்த எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருவர் வந்து 38,000 ரூபாய்க்குக் காந்த மெத்தை விற்றுவிட்டுப் போனார். ரத்தத்தில் இரும்பு இருக்கிறதாம், காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைச் சீராக்குமாம். ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு ஆணியைப் போல ஒட்டுகிற இரும்பில்லை. ஒட்டுமானால் எம்.ஆர்.ஐ.க்குள் படுத்தவர் எழுந்து வந்திருக்கவே முடியாது. அக்கா பாவம், மெத்தைக்கு இன்னும் தவணை கட்டுகிறார். திருப்பிக் கொடுக்கப் போன் செய்தால் எடுப்பதில்லை.

எப்போதுதான் வரும்?

வருஷம் சொல்ல மாட்டேன். என் ஊகம், மணிகள் முதலில் வரும், உயிருள்ள பாக்டீரியா பின்னால்தான். மணிகளைச் சுத்தம் செய்து, அளந்து, குப்பியில் அடைத்து, மருந்து போலக் கையாளலாம். நீந்துகிற உயிரை ஒவ்வொரு தடவையும் ஒரே தரத்தில் வளர்த்துக் கொடுப்பது வேறு வேலை. முதலில் நேரடியாக ஊசி போட முடிகிற கட்டிகளுக்கு, சூடு வைக்கும் முறையில் வரும் என்று நினைக்கிறேன். ரத்தத்தில் ஏற்றிவிட்டால் தானே தேடிப் போகும் என்ற கட்டம் ரொம்பத் தள்ளி இருக்கிறது.

என் மகள் இதைப் பார்க்க ஆசைப்படுகிறாள். பள்ளியில் செய்ய முடியுமா?

முடியும். அகலவாய்ப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சேறு, மீதி அதே இடத்துத் தண்ணீர். தேரூர் குளம், மணக்குடிக் காயல், உப்பளத்து ஓடை, எதுவானாலும் சரி, வெளிச்சம் படாத இடத்தில் ஒரு மாதம் அசைக்காமல் வைக்க வேண்டும். மூடியை இறுக்க வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். காந்தத்தைச் சேற்றுக்குச் சற்று மேலே வெளிப்பக்கமாக ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து அங்கிருந்து ஒரு துளியை உறிஞ்சி, 400 மடங்கு காட்டும் நுண்ணோக்கியில் துளியின் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் துடிப்பதையெல்லாம் விட்டுவிட வேண்டும். காந்தத்தைத் திருப்பினதும் கூடவே திரும்புகிறது எதுவோ, அதுதான். ஒன்றும் திரும்பவில்லையென்றால் பாட்டிலை அலமாரிக்குள் தள்ளிவிட்டு இன்னும் பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள். கை கழுவாமல் முறுக்கு தின்ன விடாதீர்கள்.